அம்மாவால் வீட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை: கூலிம் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் கொஞ்சம் உதவுங்கள்

மேட்டுலயம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பள்ளி விடுமுறையில் அம்மாவைக் கிள்ளானிலிருந்து கெடா மாநிலத்தில் உள்ள கூலிமுக்கு அழைத்துப் போயிருந்தேன். அம்மாவுக்கு 72 வயது. கூலிமுக்கும் பாடாங் செராய்க்கும் நடுவில் இருந்த தோட்டத்தில் பிறந்து, பதின்மூன்று வயதில் பால்மரம் வெட்டப் போய் (ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் வேலை), 1994-இல் லயத்தை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, காலி செய்யும்வரை அங்கேயே வாழ்ந்தவர். தோட்டத்தின் பெயரை இங்கே போடவில்லை. நிலம் பல கை மாறிவிட்டது, யாரையும் குற்றம் சொல்ல இந்த இழையைத் தொடங்கவில்லை. அந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்லும் அடையாளங்களே போதும்.

விஷயம் இதுதான். நாங்கள் குடியிருந்த வீடு எந்த இடத்தில் இருந்தது என்று அம்மாவால் காட்ட முடியவில்லை.

பட்டர்வொர்த் நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதுமே "இது நம்ம ரோடு இல்லையே" என்றார். ஒரு வட்டச்சாலையை மூன்று முறை சுற்றினேன். அப்புறம் காடியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். எதிரே கிளினிக், டயர் கடை, கைப்பேசிக் கடை என்று வரிசையாகக் கடைவீடுகள். அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு தார் ரோட்டில் வெறுங்காலோடு பத்தடி நடந்தார். வெயில் சுட்டது. நான் தடுத்தேன், கேட்கவில்லை. "இங்க ஒரு எறக்கம் இருந்துச்சு. ரெண்டு வாளிப் பாலோட எறங்குறப்ப முட்டி நடுங்கும். இதுவும் எறக்கந்தான். ஆனா அந்த எறக்கமான்னு தெரியலையேப்பா" என்றார். கிழக்கே குனோங் பொங்சு தெரிந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "மல மட்டும் அதே எடத்துல இருக்கு" என்றார்.

அன்றிரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அத்தனை வருடம் இருட்டிலேயே நடந்து மரம் மரமாகக் கண்டுபிடித்தவர், பட்டப்பகலில் தன் வீட்டைக் காட்ட முடியாமல் நின்றது எனக்கும் தாங்கவில்லை.

எனக்கு நினைவிருப்பது: மேட்டு லயத்தில் ஒரே வரிசையில் பதினான்கு வீடுகள். லயத்தின் ஒரு முனையில் பொதுக் கிணறு. கீழே பெரட்டுக் களம் (காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் இடம்), பக்கத்தில் ஆயாக் கொட்டகை (கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடம்). இன்னும் கீழே மாரியம்மன் கோயில். கோயிலுக்கு எதிர்ப்பக்கம், கொஞ்சம் தள்ளிக் கள்ளுக்கடை. இவற்றில் எது இப்போது எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் ஒவ்வொன்றாகச் சொன்னால் ஒரு வரைபடம் போட்டுவிடலாம். அம்மாவை மறுபடியும் அழைத்து வந்து காட்ட வேண்டும்.

பாடாங்செராய்அக்கா எழுதியது:

தம்பி, படிச்சதும் மனசு என்னவோ செய்தது. நான் பள்ளத்து லயம். பெரட்டுக் களம் எனக்குத் தெரியும். இப்போது பெட்ரோல் நிலையம் நிற்கும் இடம்தான் அது. அந்த நிலையத்துக்குப் பின்னால் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் இருக்கிறதே, அதன் அடியில்தான் காலையில் ஐந்தரைக்கு வரிசையாக நிற்போம். மரத்தை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். கள்ளுக்கடை இருந்த இடத்தில் இப்போது பாலர் பள்ளி. அது ஒன்று நல்லதாக நடந்தது.

கோயில் இடம் மாறவில்லை. சுற்றிலும் எல்லாம் மாறிவிட்டதால் மாறின மாதிரி தெரிகிறது. முன்பு வாசல் பக்கம் ரோடு, இப்போது முதுகுப் பக்கம் ரோடு. அம்மா கோயிலைத் தாண்டிப் போயிருப்பார், கவனித்திருக்க மாட்டார்.

பழையமண்டோர் எழுதியது:

மேட்டுலயம் தம்பிக்கு, உங்கள் அம்மாவை எனக்குத் தெரிந்திருக்கும். நான் அங்கே மண்டோர், அதாவது வேலை மேற்பார்ப்பவன். அந்த லயத்துக்கு வருடா வருடம் தீபாவளிக்கு முன் சுண்ணாம்பு அடிக்கும் கணக்கு என் கையில்தான் இருந்தது. இந்த ஊர் எப்படி மாறியது என்பதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே நாளில் யாரோ வந்து அழித்துவிட்டுப் போனதாக இளசுகள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அது முப்பது வருடம் கொஞ்சம் கொஞ்சமாக நடந்தது.

முதலில் ஆட்கள் குறைந்தார்கள். 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் கேட்டார்கள். சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த பல பேர், இங்கேயே பல்லு முளைத்து இங்கேயே பல்லு விழுந்தவர்கள், பினாங்கில் போய் இந்தியாவுக்கு ரஜுலா கப்பல் ஏறினார்கள். உங்கள் மேட்டு லயத்திலேயே மூன்று வீடு பூட்டிக் கிடந்தது.

அடுத்து மரம் மாறியது. கித்தா (ரப்பர்) விலை சரியச் சரிய செம்பனை (எண்ணெய்ப் பனை) நட்டார்கள். வெளியாட்களுக்கு இதன் வித்தியாசம் புரியாது, அதனால் சொல்கிறேன். கித்தாவில் ஆளுக்கொரு நிரை, அதாவது மர வரிசை. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் வேலை, பிள்ளைகள் பால் வடியும் மங்கு துடைக்கவும், மரத்தில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பால் உரிக்கவும் கூட வருவார்கள். குடும்பம் முழுவதும் காட்டில் இருக்கும். அதனால்தான் லயம் லயமாக வீடு கட்டினான் வெள்ளைக்காரன். செம்பனைக்கு அத்தனை ஆள் வேண்டாம். பத்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு சுற்று குலை வெட்டினால் போதும், அதுவும் பெரும்பாலும் ஆம்பளை வேலை. பெண்களுக்கு உதிரிப் பழம் பொறுக்குவதும் உரம் போடுவதும் மிச்சம். மரம் மாறிய அன்றைக்கே லயத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. நாங்கள்தான் உணரவில்லை.

மூன்றாவதாக, பெண் பிள்ளைகள் பஸ் ஏறினார்கள். பிறை, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளிலிருந்து பஸ் தோட்டத்து வாசலுக்கே வந்தது. 1985-இல் பினாங்குப் பாலம் திறந்ததும் அது இன்னும் சுலபமாயிற்று. கடைசியாகத்தான் நிலம் போனது. 1996-இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா வந்தபோது சுற்றுவட்டாரத்தில் மனைக்கு வந்த விலையைப் பார்த்தால், அந்த நிலத்தில் எவனும் கித்தாவும் வைக்கமாட்டான், செம்பனையும் வைக்கமாட்டான்.

ஒன்று மட்டும் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். மலேசிய இந்தியக் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் தோட்டமாக வந்து பத்து வெள்ளிப் பணம் கேட்டார். துண்டாடப்படும் தோட்டங்களைத் தொழிலாளிகளே வாங்கிவிடலாம் என்றார். அவர்கள் முதலில் வாங்கிய தோட்டமே நம்ம கெடாவில் உள்ள புக்கிட் சீடிம்தான். என் அப்பா பத்து வெள்ளி கட்டினார். பக்கத்து வீட்டுக்காரர் "நம்ம காசுல நாம தோட்டம் வாங்குறதா, நடக்குற காரியமா" என்று கட்டவில்லை. அந்த நேரத்தில் நாம் எல்லோரும் நம்பியிருந்தால், இந்த இழையை எழுத வேண்டிய அவசியம் வந்திருக்குமா என்று யோசிக்கிறேன்.

சில்லுவேலை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் 1997-இல் பிறந்தவன், பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். பெரியவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. எனக்கு இந்தப் பேச்சில் ஒரு பாதிதான் ஒப்புதல்.

என் அம்மாவும் அதே தோட்டத்தில் வளர்ந்தவர்தான். அவர் பஸ் ஏறிப் பிறைக்கு வேலைக்குப் போனவர். தோட்டத்தைப் பற்றி அவர் எங்களிடம் சொன்னது இரண்டே விஷயம். மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. அப்புறம், சாயங்காலம் ஆனால் தாத்தா சம்சு குடித்துவிட்டு வருவார். தொழிற்சாலையில் மழை பெய்தாலும் சம்பளம் வந்தது. அந்தச் சம்பளத்தில்தான் அம்மா தாமானில் (புதுக் குடியிருப்பில்) வீடு வாங்கினார், அவர் பெயரிலேயே. லயத்தில் எந்தப் பெண்ணின் பெயரில் வீடு இருந்தது?

இன்று நம்ம ஊரில் இன்டெல் இருக்கிறது, பர்ஸ்ட் சோலார் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் இன்பினியோன் சிலிக்கான் கார்பைடு ஆலையின் முதல் கட்டத்தைத் திறந்தது. கூலிமில் செய்த சில்லு உலகம் முழுக்க ஓடும் மின்சாரக் காடிகளுக்குப் போகிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கில் கூலிம் மாவட்டம் மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஊர் வளரக் கூடாது என்றால் நாங்கள் எல்லாம் பிழைக்க எங்கே போவது? ஜோகூரைத் தாண்டி சிங்கப்பூருக்கா?

மேட்டுலயம் எழுதியது:

தம்பி, நீங்கள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. என் அப்பாவும் குடித்தார். பன்னிரண்டு வயது வரை எனக்குச் செருப்பு கிடையாது. அந்த வாழ்க்கை திரும்ப வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. உங்கள் அம்மா வீடு வாங்கியதைப் படித்தபோது நிஜமாகவே சந்தோஷப்பட்டேன்.

நான் கேட்பது வேறு. இந்த ஊர் வளர்ந்ததே அவர்கள் காட்டை வெட்டித் திருத்திய மண்ணின் மேல்தான். அந்த மண்ணில் அவர்கள் எங்கே நின்றார்கள், எங்கே சமைத்தார்கள், எங்கே பிள்ளை பெற்றார்கள் என்பதற்கு ஒரு அடையாளமாவது இருக்க வேண்டாமா? ரோட்டுப் பெயர்ப் பலகையைப் பாருங்கள். தாமானுக்குப் பூப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு ரோட்டுக்காவது மேட்டு லயம் என்று வைத்திருந்தால் அம்மா வெறுங்காலோடு ரோட்டைத் தடவிப் பார்த்திருக்க மாட்டார்.

ஒட்டுப்பால் எழுதியது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். இரண்டு தம்பிகளும் சொல்வது சரி, ஆனால் நடுவில் ஒரு கூட்டம் விடுபட்டுப் போகிறது. தொழிற்சாலை வந்தபோது இருபது வயதுக்காரன் பஸ் ஏறினான். ஐம்பது வயதுக்காரன் என்ன செய்தான்?

என் அப்பா 27 வருடம் வேலை செய்தார். ஆட்குறைப்பு செய்தபோது சட்டப்படி பணம் கொடுத்தார்கள், அதை மறைக்கக் கூடாது. 1980-ஆம் வருட ஒழுங்குமுறைப்படி ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 20 நாள் சம்பளம். அப்பாவுக்கு 540 நாள் சம்பளம் வந்தது. கேட்க நிறைய மாதிரி இருக்கும். ஆனால் அது தோட்டத்து நாள் சம்பளம், தம்பி. வேலை போனால் வீடும் போய்விடும். வீடு வேலையோடு கட்டிய கயிறு மாதிரி. அந்தப் பணத்தில் கூலிமில் வீட்டுக்கு முன்பணம்கூடக் கட்ட முடியவில்லை. ஐம்பத்து மூன்று வயதில் எந்த வங்கி கடன் கொடுக்கும்? அண்ணன் வீட்டுப் பின்கட்டில் பலகை அடித்து எட்டு வருடம் இருந்தோம்.

அப்பா அப்புறம் காவலாளி வேலைக்குப் போனார். எங்கே என்று நினைக்கிறீர்கள்? அவர் மரம் வெட்டிய அதே நிரையின் மேல் எழும்பிய தாமானின் வாசலில். ராத்திரி டியூட்டி. தடுப்புக் கம்பியைத் தூக்கி இறக்குவது வேலை. ஒருநாள் விடிகாலை நான்கரைக்கு அவருக்குச் சாப்பாடு கொண்டு போனேன். சாவடிக்கு வெளியே நின்று எதையோ எண்ணிக்கொண்டிருந்தார். என்னப்பா என்றேன். "இந்தத் தெருவிளக்கு வரைக்கும் எழுபது மரம்" என்றார்.

புத்ராஜெயாவும் இப்படித்தானே எழும்பியது? அது முன்பு பெராங் பெசார் தோட்டம். அங்கிருந்த சனங்கள் டெங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குப் போய்ப் பட்ட பாடு பத்திரிகைகளில் வருடக்கணக்காக வந்தது. நாட்டுக்கே நிர்வாகத் தலைநகரம் கட்டக் கொடுத்த சனங்களுக்கே அந்த நிலை என்றால், நம்ம தோட்டம் எம்மாத்திரம்.

சில்லுவேலை எழுதியது:

ஒட்டுப்பால் அண்ணே, இது எனக்குத் தெரியாது. எங்கள் தாமான் வாசலிலும் வயதான ஒரு ஐயா இருக்கிறார். தினமும் கையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டுப் போவேன். இன்றைக்கு நிறுத்திப் பேசினேன். அவர் வேறு தோட்டம், சுங்கை ஊலார் பக்கம். அரை மணி நேரம் விடவில்லை.

முன்னாள்மாணவி எழுதியது:

பள்ளிக்கூடத்தை யாரும் சொல்லவில்லையே. நம்ம தமிழ்ப்பள்ளி இப்போது தாமானுக்குள் வந்துவிட்டது. மூன்று மாடி, கணினி அறை எல்லாம் இருக்கிறது. பெயர்ப் பலகையில் மட்டும் இன்னும் லாடாங் என்று போட்டிருக்கிறது. ஒரு பிள்ளை கேட்டதாம், "டீச்சர், நம்ம பள்ளி பேர்ல தோட்டம்னு இருக்கே, தோட்டம் எங்க?" அந்த டீச்சர் என் தங்கை. பிள்ளைகளைச் சன்னல் பக்கம் கூட்டிப் போய் "நீங்க நிக்கிறதுதான் தோட்டம்" என்று சொன்னாளாம். பெயரை மாற்றச் சொல்லிப் பெற்றோர் கூட்டத்தில் ஒருமுறை பேச்சு வந்தது. நான் எழுந்து நின்று வேண்டாம் என்றேன். இந்த வட்டாரத்தில் அந்தத் தோட்டத்தின் பெயரைச் சுமப்பது இப்போது பள்ளி ஒன்றுதான்.

1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 520-க்கும் 530-க்கும் நடுவில் நிற்கிறது. மூடியவற்றில் பெரும்பாலானவை தோட்டத்துப் பள்ளிகள். ஆள் போனால் பிள்ளை போகும், பிள்ளை போனால் பள்ளி போகும். நம்ம பள்ளி பிழைத்ததற்குக் காரணம் யாரும் கொடுத்த வரம் இல்லை. பள்ளி நின்றது தோட்டத்து நிலத்தில், அதனால் பகுதி உதவி பெறும் பள்ளி. சொந்த நிலம் இல்லாமல் புதுக் கட்டடம் கேட்டால் "நிலம் எங்கே" என்ற கேள்விதான் திரும்பி வரும். பெற்றோர் சங்கத்துக்காரர்கள் வேலை முடிந்து, ரொட்டி சானாய் கடையில் உட்கார்ந்து மனு எழுதி எழுதியே அந்த நிலத்தை வாங்கினார்கள். என் அப்பாவின் சட்டைப் பையில் எந்நேரமும் அந்தக் கடிதத்தின் நகல் மடித்து இருக்கும். வியர்வையில் எழுத்து கலங்கிப் போயிருக்கும்.

பழையமண்டோர் எழுதியது:

நல்ல வேளை ஞாபகப்படுத்தினீர்கள், அம்மா. நிலம் என்றதும் இதையும் சொல்ல வேண்டும், இதுதான் அவசரம். சுடுகாடு. கோயிலுக்குக் கீழே ஓடைக்கரையில் உள்ளது. நம்ம ஆட்களை எரித்ததும் புதைத்ததும் அங்கேதான். அது தனியாகப் பட்டா போட்ட நிலம் இல்லை, தோட்டத்து நிலத்தோடு சேர்ந்தது. மயான நிலம் என்று அரசிதழில் பதிவாகாவிட்டால், நிலம் கைமாறும்போது அதுவும் காகிதத்தில் வெறும் நிலம்தான். இப்போது புல் ஆளுயரம். போன மாதம் போனேன். என் அம்மாவின் சமாதி எது என்று தேட ஒரு மணி நேரம் ஆயிற்று. சிமெண்டில் பதித்திருந்த மூன்று நீலப் பீங்கான் துண்டை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். அது எங்கள் வீட்டில் உடைந்த தட்டு.

வரைபடம் போடுவதென்றால் முதலில் அதைப் போடுங்கள். யார் யார் சமாதி எங்கே என்று சொல்லக் கூடியவர்கள் நான்கைந்து பேர்தான் உயிரோடு இருக்கிறோம். வரைபடமும் பெயர்ப் பட்டியலும் கையில் இருந்தால் மாவட்ட நில அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். வெறும் வாயால் "எங்க பாட்டி இங்கதான் இருக்கா" என்று சொன்னால் எவனும் எழுதிக்கொள்ள மாட்டான்.

பாடாங்செராய்அக்கா எழுதியது:

ஐயா, நான் வருகிறேன். வீட்டுக்காரரிடம் புல்வெட்டும் இயந்திரம் இருக்கிறது.

சில்லுவேலை எழுதியது:

மேட்டுலயம் அண்ணே, நேற்று இரவு வேலை முடிந்து காலையில் நேராக அங்கே போனேன். முதலில் பெட்ரோல் நிலையம், பின்னால் அக்கா சொன்ன தூங்குமூஞ்சி மரம். அங்கிருந்து மேடு எந்தப் பக்கம் ஏறுகிறது என்று மோட்டாரை ஓரம் கட்டிவிட்டு நடந்தேன். கடைவீட்டு வரிசையின் பின்சந்தில், குப்பைத் தொட்டி இரண்டும் பழைய மெத்தை ஒன்றும் கிடந்த இடத்தில், தரையில் வட்டமாக ஒரு சிமெண்ட் விளிம்பு தெரிந்தது. முழங்கால் உயரம்கூட இல்லை. உள்ளே கல்லும் மண்ணும் போட்டு நிரப்பிவிட்டார்கள். கை அகலத்துக்கு ஒரு இடம் மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது, கயிறு உரசின மாதிரி. பக்கத்தில் பாதி மண்ணில் புதைந்த சப்பைக் கல் ஒன்று. நான்கு படம் எடுத்துத் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன். அங்கே நின்று பார்த்தால் இரண்டு கட்டடத்துக்கு நடுவில் மலை தெரிகிறது.

தினமும் அந்தச் சந்துக்கு முன்னால்தான் நாசி லெமாக் வாங்குகிறேன்.

மேட்டுலயம் எழுதியது:

தம்பி, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. படத்தை அம்மாவிடம் காட்டினேன். கிணற்றைப் பார்த்ததும் ஒன்றும் சொல்லவில்லை. சப்பைக் கல்லைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். "இது துணி தொவைக்கிற கல்லு. ஓரத்துல ஒரு மூல ஒடஞ்சிருக்கும் பாரு" என்றார். உடைந்திருந்தது. ஒன்பதாம் வீட்டு அக்கா தண்ணீர்த் தவலையைப் போட்டு உடைத்தாராம், அதற்கு லயமே கூடிச் சண்டை போட்டதாம். சாப்பாட்டை மறந்துவிட்டு ஒரு மணி நேரம் அந்தச் சண்டையைச் சொன்னார். பெயர் பெயராக.

பிறகு சொன்னார்: "கெணத்துக்குப் பக்கத்துல மொத வீடு. அதுலேருந்து எண்ணு. நம்மளது ஏழு."

மண்டோர் ஐயா, ஒரு வீட்டின் அகலம் எவ்வளவு என்று ஞாபகம் இருக்கிறதா?

பழையமண்டோர் எழுதியது:

இருபது அடி. சுண்ணாம்புக் கணக்குக்கு நானே அளந்தது. கிணற்றுக்கும் முதல் வீட்டுக்கும் நடுவில் முப்பது அடி காலி. ஆறு வீடு தாண்டினால் 150 அடியில் உங்கள் வாசல். மலையைப் பார்த்து நின்றால் லயம் இடது கைப் பக்கமாக ஓடும்.

சில்லுவேலை எழுதியது:

அறுபது தப்படி நடந்தேன். தானியங்கி சலவைக் கடையின் பின்வாசல் வருகிறது. கடைக்காரர் சீன அங்கிள், விஷயத்தைச் சொன்னேன். முன்பக்கம் நிழல் இருக்கிறது, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பாட்டி உட்காரட்டும் என்றார்.

மேட்டுலயம் எழுதியது:

சனிக்கிழமை ராத்திரி கிளம்புகிறோம். ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பெட்ரோல் நிலையத்தில் எல்லோரும் பசியாறிவிட்டு முதலில் சுடுகாட்டுக்குப் போவோம், வெயில் ஏறுவதற்குள் புல்லை முடித்துவிடலாம். நான் பெரிய தாளும் அளவு நாடாவும் கொண்டுவருகிறேன். மண்டோர் ஐயாவுக்கு வண்டி வேண்டுமென்றால் சொல்லுங்கள், வீட்டுக்கே வந்து கூட்டிக்கொள்கிறேன். ஒட்டுப்பால் அண்ணே, அப்பாவால் முடிந்தால் அவரையும் அழைத்து வாருங்கள். எந்த இடத்தில் எத்தனை மரம் என்று எண்ணித் தர ஆள் வேண்டும்.

ஒட்டுப்பால் எழுதியது:

அப்பா ஐந்து மணிக்கே தயாராகிவிடுவார். கூட்டி வருகிறேன்.